அகலப் பிலிம்: மொத்தச் சுருளில் படமெடுத்து வீட்டிலேயே கழுவுவது எப்படி?

1956ஆம் ஆண்டு, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியுடன் இலங்கை விமானத்திலிருந்து படம்பிடிக்கப்பட்டது. 1:40,000 அளவிலான அந்த வான்படங்களைக் கரையோர மாற்றங்களையும் நிலப் பயன்பாட்டையும் ஆராய்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். வான்படக் கமராவின் ஒரு சட்டம் பொதுவாக 23 செ.மீ. பக்கமுள்ள சதுரம். மேற்சொன்ன அளவில் அது தரையில் 9 கி.மீ.க்கும் சற்று அதிகமான பக்கமுள்ள நிலப்பரப்பை அடக்கிவிடும். 10 மீற்றர் நீளமான வீடு நெகற்றிவில் கால் மில்லிமீற்றர்தான். ஆனால் பிலிம் நுண்மையானது என்பதால் உருப்பெருக்கியின் கீழ் வீடும் ஒழுங்கையும் தோட்டத்தின் எல்லையும் தெரியும்.

இதன் பெறுமதி வலிகாமம் வடக்கு மக்களுக்கு விளங்கும். 1990 ஜூனில் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டது. பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பிய பலர் கண்டது பற்றைக்காடு. உறுதி கையில் இருந்தது. வேலியும் மதிலும் கிணற்றுக்கட்டும் இருந்த இடம் தெரியவில்லை. படமெடுக்கும்போது எவரும் கவனிக்காத ஒரு விவரம், முப்பது வருடம் கழித்து ஒரு குடும்பம் தேடும் முதல் விவரமாக மாறலாம். அத்தகைய விவரத்தைத் தாங்குவதற்கு நெகற்றிவ் பெரிதாக இருக்க வேண்டும்.

அத்தகைய பிலிமை வாங்கி, கமராவில் ஏற்றி, யாழ்ப்பாணத்து வெக்கையிலும் கிணற்றுத் தண்ணீரிலும் கழுவி, பாதுகாக்கும் முறையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சுருளும் அகலமும்

கடைகளில் ஒரு காலத்தில் விற்ற 36 படச் சுருள், பெரிய சுருளிலிருந்து வெட்டி உறையில் அடைக்கப்பட்டது. அந்தப் பெரிய சுருளைத் தகரப் பேணியோடு அப்படியே வாங்குவதுதான் மொத்தச் சுருள். 35 மி.மீ. பிலிமில் 100 அடி, அதாவது 30.5 மீற்றர் சுருள் வழக்கமானது. அதிலிருந்து 36 படச் சுருள்கள் ஏறத்தாழ 18 கிடைக்கும்.

அகலமான மொத்தச் சுருள்களில் இரண்டு வகை முக்கியம். ஒன்று 70 மி.மீ. பிலிம். மற்றையது வான்படக் கமராவுக்கான, ஏறத்தாழ 24 செ.மீ. அகலமுள்ள பிலிம். பழைய ஸ்ரூடியோக்களில் பாவித்த 120 பிலிம் இவற்றைவிட ஒடுக்கமானது, ஏறத்தாழ 61.5 மி.மீ. அகலம்.

பரப்பளவைக் கணக்கிட்டால் வேறுபாடு புரியும். 35 மி.மீ. கமராவின் சட்டம் 24×36 மி.மீ. 120 பிலிமில் 6×9 சட்டம் ஏறத்தாழ 56×84 மி.மீ. இது ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. குழுப்படம் ஒன்றிலிருந்து ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்க வேண்டி வந்தால் இந்த மடங்குதான் கைகொடுக்கும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் ஏந்தி நிற்கும் படங்களில் பல, குழுப்படத்திலிருந்தும் அடையாள அட்டைப் படத்திலிருந்தும் பெரிதாக்கப்பட்டவை. கண்ணும் வாயும் கரைந்துபோன முகங்களை அங்கே பார்த்திருப்பீர்கள். சிறிய மூலத்தில் இல்லாத விவரத்தை எந்த இயந்திரமும் திருப்பித் தராது.

வான்பட பிலிமின் குணம்

பெல்ஜியத்தின் அக்பா கெவர்ட் நிறுவனம் தயாரித்த அவிபொட் வகைப் பிலிம்களே வான்படக் கறுப்பு வெள்ளையில் பெயர்பெற்றவை. சிறிய அளவுகளில் வெட்டப்பட்டு வேறு பெயர்களிலும் அவை விற்பனையாகியுள்ளன. இவற்றை வாங்கும்போது மூன்று விடயங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, இவற்றின் தளம் பொலியெஸ்ரர். கிழியாது, நெடுங்காலம் இருக்கும். ஆனால் ஓரத்தில் படும் வெளிச்சம் தளத்தின் வழியாக உள்ளே ஓடி முதற் படங்களைப் புகைமூட்டமாக்கிவிடும். எனவே கமராவில் ஏற்றுவதை மங்கலான நிழலிலேயே செய்ய வேண்டும்.

இரண்டாவது, உயரத்திலிருந்து தெரியும் மூட்டமான நிலத்துக்காக இவை கடும் கொன்ராஸ்டுடன் செய்யப்பட்டவை. தரையில், அதுவும் யாழ்ப்பாணத்து உச்சி வெயிலில் எடுத்தால் மணல் வெள்ளையாகவும் நிழல் கரியாகவும் வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் எடுப்பது நல்லது. டெவலப்பரையும் ஐதாக்கிப் பாவிக்க வேண்டும்.

மூன்றாவது, இவை சிவப்பு ஒளியை மிக நன்றாக உணரும். ஆகவே இருட்டறையில் சிவப்பு விளக்கு ஆகாது. முழு இருட்டே வேண்டும். பழைய கமராக்களின் முதுகிலுள்ள சிவப்புக் கண்ணாடித் துவாரத்தையும் கறுப்பு ரேப்பால் மூடி, எண்ணைப் பார்க்கும் கணத்தில் மட்டும் திறக்க வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே காட்சியை 50, 100, 200 என மூன்று வேகங்களில் எடுத்துக் கழுவிப் பார்த்து உங்களுக்கான வேகத்தை முடிவுசெய்யுங்கள்.

கமராவில் ஏற்றுதல்

70 மி.மீ. பிலிமை 120 கமராவில் போட, இருட்டில் 8 மி.மீ.க்குச் சற்று அதிகமாக வெட்டி அகற்ற வேண்டும். 61.5 மி.மீ. இடைவெளியில் இரண்டு பிளேற்றுகளை மரச்சட்டத்தில் இறுக்கி, அதனூடாகப் பிலிமை இழுப்பது ஒரு வழி. 82 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பழைய 120 சுருளின் காகிதத்தோடு சேர்த்துச் சுற்றினால் 6×9 கமராவில் எட்டுப் படம் எடுக்கலாம். முதலில் பழுதான பிலிமை வைத்து வெளிச்சத்தில் பலமுறை பழகுங்கள்.

24 செ.மீ. பிலிமுக்கு இன்னும் எளிய வழி உண்டு. அதைத் தாள்தாளாக வெட்டி, வெளிச்சம் புகாத பெட்டி ஒன்றின் உட்சுவரில் ஒட்டுங்கள். எதிர்ச்சுவரில், பிலிமிலிருந்து 10 செ.மீ. தூரத்தில், மெல்லிய தகரத்தில் ஊசியால் 0.37 மி.மீ. துளை இடுங்கள். வில்லையோ பற்றரியோ தேவையில்லை. 100 வேகப் பிலிமுக்கு நல்ல வெயிலில் மூன்று முதல் ஐந்து விநாடி திறந்து மூடினால் போதும். முகாம்கள், காவலரண்கள் உள்ள பக்கம் பெட்டியைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உறவினர் மூலம் பிலிமை எடுப்பித்தால், விமான நிலையத்தில் கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். புதிய ஸ்கானர்கள் பிலிமை மூட்டமாக்கக் கூடியவை. பேணியைத் திறக்க வேண்டாம் என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி ஒட்டுவது நல்லது.

கழுவுதல்

கழுவும் குறிப்புகள் எல்லாம் 20 பாகை செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. எங்கள் கிணற்றுத் தண்ணீரோ 28 பாகையை ஒட்டியது. 20 பாகையில் 10 நிமிடம் பிடிப்பது 27 பாகையில் 5 முதல் 6 நிமிடமாகச் சுருங்கும். 5 நிமிடத்துக்குக் குறைந்தால் திட்டுத்திட்டாக வரும். ஐஸ் கட்டிகளைப் பொலித்தீன் பையில் கட்டி வாளித் தண்ணீரில் போட்டு, அதற்குள் போத்தல்களை நிறுத்தி 24 பாகைக்கு இறக்கலாம். எந்த வெப்பநிலையில் தொடங்கினாலும் எல்லாத் திரவமும் கழுவும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று இரண்டு பாகைக்குள் இருக்க வேண்டும். சூடும் குளிரும் மாறிப் பட்டால் பிலிமின் ஜெலற்றின் சுருங்கி வெடிக்கும்.

1891இல் அறிமுகமான ரொடினல் என்ற டெவலப்பரை 1:50 அல்லது 1:100 என ஐதாக்கிப் பாவிப்பது இந்தப் பிலிமுக்குப் பொருந்தும். அது கிடைக்காவிட்டால் கோப்பி உண்டு. 1995இல் அமெரிக்காவின் ரொசெஸ்ரர் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவான முறை இது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி தூள் 16 கிராம், உடனடிக் கோப்பி 40 கிராம் என்பது பரவலாகப் பாவிக்கப்படும் கலவை. இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் கரைக்க வேண்டும். மல்லி சேர்த்து இடித்த வீட்டுக் கோப்பித்தூள் உதவாது. 20 பாகையில் 15 நிமிடம். 27 பாகையில் 8 நிமிடத்தில் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள்.

120 அகலப் பிலிமைச் சாதாரண கழுவும் ராங்கியில் சுற்றலாம். வெட்டாத 70 மி.மீ. பிலிமை ஒரு மீற்றர் துண்டாக்கி, இரு முனையையும் பிடித்து, தட்டிலுள்ள திரவத்தில் ஊஞ்சல்போல மேலும் கீழும் ஓடவிடும் பழைய முறை போதும். அறை முழு இருட்டாக வேண்டும் என்பதால் இரவே வசதி. கை வியர்த்தால் விரல் அடையாளம் பதியும், அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள்.

டெவலப்பருக்குப் பின் வெறும் தண்ணீரில் ஒரு நிமிடம் அலசி, ஹைப்போவில் போட வேண்டும். பிலிமின் ஒரு சிறு துண்டைத் தனியே ஹைப்போவில் இட்டு, அது தெளிய எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்கு வைத்தால் போதும். பிறகு ராங்கியில் புதுத் தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்து ஊற்றுங்கள். அடுத்து 10 தடவை, அதன்பின் 20 தடவை.

எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதில் அலசிக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் படியும். பிறகு உரஞ்சினால் கீறல்தான் மிஞ்சும். கடைசி அலசலுக்கு மட்டும் மாரியில் பிடித்து வடிகட்டிய மழைத் தண்ணீரையோ, வாகனப் பற்றரிக்கு விற்கும் வடித்த தண்ணீரையோ பாவியுங்கள்.

கழிவு

பாவித்த ஹைப்போவில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கும். அதைக் கோடியில் ஊற்றக் கூடாது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக எதுவும் விரைவில் இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறந்திருக்க மாட்டோம். ஹைப்போவைப் பிளாஸ்ரிக் கலனில் சேர்த்து, அதில் உருக்குக் கம்பளியைப் போட்டுச் சில நாள் வைத்தால் வெள்ளி கரும் சேறாக அடியில் படியும். சேற்றையும் மிச்சத் திரவத்தையும் வேறுவேறாக மூடி, கிணற்றுக்கும் சமையலறைக்கும் தூரமாக வையுங்கள்.

பாதுகாத்தல்

பொலியெஸ்ரர் நெகற்றிவ் தலைமுறைகள் தாண்டும். வீட்டிலுள்ள பழைய அசெற்றேற் நெகற்றிவ்கள் வெக்கையிலும் ஈரத்திலும் சிதையும். வினாகிரி மணம் வந்தால் அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமாக வைத்து, உடனே ஸ்கான் செய்யுங்கள். வெள்ளத்தில் நனைந்து ஒட்டிய நெகற்றிவ்களைப் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, தானாகப் பிரிந்தபின் தொங்கவிட்டுக் காயவையுங்கள்.

புதிய நெகற்றிவ்களை வெள்ளைக் காகித உறையில் இட்டு, நிலத்திலிருந்து உயரமான அலுமாரியில் வையுங்கள். ஸ்கான் பிரதி ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருக்கட்டும். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. ஊரின் பொதுப் பெறுமதி உள்ள படங்களுக்கு அது உகந்த இடம்.

உறைக்குள் நெகற்றிவை வைக்கும் முன்பே அதன்மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்: எடுத்த திகதி, ஊர், ஒழுங்கை, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, நிற்பவர்களின் முழுப்பெயர், இடமிருந்து வலமாக.