வசந்தகால இளம்புல்: இறைச்சி மாடுகளுக்கு ஊட்டமும் ஆபத்தும்

அயர்லாந்தில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகள் குளிர்காலத்தில் கொட்டகையில் ஊறுகாய்ப்புல்லைத் தின்று, வசந்தகாலத்தில் மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்புகின்றன. அப்போது துளிர்க்கும் இளம்புல்லில் நார்ச்சத்து குறைவு. புரதமும் சர்க்கரையும் அதிகம். எளிதில் செரிப்பதால் மாடுகளின் எடை விரைவாகக் கூடுகிறது. தீவனச் செலவும் குறைகிறது. புல்லிலுள்ள பீட்டா கரோட்டின் இறைச்சிக் கொழுப்புக்கு மஞ்சள் நிறம் தருகிறது. தானியத் தீவனத்தில் வளர்ந்த மாடுகளின் இறைச்சியைவிட இதில் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் அதிகம்.

எனினும், வேகமாக வளரும் இளம்புல்லில் மக்னீசியம் குறைவாக இருக்கும். இதனால் கன்றுக்குப் பாலூட்டும் பசுக்களின் ரத்தத்தில் அச்சத்து சரிந்தால், வலிப்பு ஏற்பட்டுச் சில மணி நேரத்திலேயே உயிரிழக்க நேரிடும். எனவே, பசுக்களைப் படிப்படியாக இளம்புல்லுக்குப் பழக்குவதும், நாள்தோறும் மக்னீசியம் கலந்த தீவனம் அளிப்பதும் அவசியம்.