பறக்காத சிவப்புக் கொடி

ஏப்ரல் 14. பெரும்பாலான வருடங்களில் அன்றைக்குத்தான் சித்திரை ஒன்று. காரைக்குடி வீடுகளில் கோலம், பானகம், பஞ்சாங்கம் என்று அமர்க்களப்படும். அதே காலையில் தீயணைப்பு நிலையத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். காக்கி உடுப்பில் வரிசையாக நின்று, மலர்வளையம் வைத்து, மௌனமாகத் தலைகுனிவார்கள். நாடு முழுக்க இதே வழக்கம்தான்.

யாருக்காக? 1944-ல், ஒரே பிற்பகலில், பம்பாய்த் துறைமுகத்தில் செத்துப்போன 66 தீயணைப்பு வீரர்களுக்காக.

செட்டிநாட்டுக்குக் கப்பல் கதை புதிதல்ல. பர்மா தேக்கைக் கப்பலில் இறக்கி வீடு கட்டிய சீமை இது. ஆனால், 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற அந்தப் பிரிட்டிஷ் கப்பலின் சரக்குப் பட்டியலைப் பார்த்தால் எந்தச் செட்டியாரும் தலையில் அடித்துக்கொள்வார். சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சு மூட்டைகள். எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம். போதாக்குறைக்குத் தங்கக் கட்டிகள்! பஞ்சையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றலாமா என்று கேட்டால், யுத்த காலம், கப்பலுக்குத் தட்டுப்பாடு என்று பதில் வரும்.

ஆபத்தான சரக்கு இருந்தால் கப்பலில் சிவப்புக் கொடி பறக்க வேண்டும். பறக்கவில்லை. பக்கத்துக் கப்பல்காரர்கள் புகையை முன்பே பார்த்திருக்கிறார்கள். 'அந்தக் கப்பல்காரனே சும்மா இருக்கான், நமக்கென்ன?' என்று விட்டுவிட்டார்கள். மதியம் இரண்டு மணிவாக்கில்தான் விஷயம் வெளியே வந்தது.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. வந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் போய்விடவில்லை. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தார்கள். கப்பலின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு உள்ளே தண்ணீர் பாய்ச்சலாம் என்றால், இரும்பு வெட்டும் கருவி சமயத்தில் காலை வாரிவிட்டது என்கிறார்கள். அதற்குள் கரையில் பெரிய அதிகாரிகளுக்குள் விவாதம். கப்பலை மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துப் போவதா? ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், உத்தரவு மட்டும் யாரும் போடவில்லை. நாலு மணி ஆறு நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்தில் இன்னொரு வெடி. சிம்லாவில் இருந்த பூகம்பமானியில்கூட அதிர்வு பதிவானது. செத்தவர்கள் மொத்தம் 800-லிருந்து 1,300 வரை என்று கணக்கு சொல்கிறார்கள்.

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொடுக்கும் என்போமே... அன்றைக்கு நிஜமாகவே நடந்தது. ஒரு பார்சிக்காரர் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு தங்கக் கட்டி விழுந்தது. மனிதர் அதை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்!

66 பேரைத் தீ மட்டுமா கொன்றது? ஏற்றாத கொடி, சொல்லாத புகை, வேலை செய்யாத கருவி, போடாத உத்தரவு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய அன்றாட வேலை. அதனால்தான் எனக்கு மலர்வளையத்தைவிட, அதற்குப் பிறகு நிலையத்தில் நடப்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். பம்ப்பை ஓட்டுவார்கள். ஹோஸை விரித்து வெடிப்பு தேடுவார்கள். முகமூடியையும் காற்று சிலிண்டரையும் சோதிப்பார்கள். வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லாத, சலிப்பூட்டுகிற வேலை. அதை ஒழுங்காகச் செய்கிறவர்தான் அந்த 66 பேருக்கு உண்மையில் அஞ்சலி செலுத்துகிறார்.

பம்பாய் தூரம் என்று நினைக்காதீர்கள். 2020 தீபாவளி சமயத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் பழைய கட்டடத்தில் ஒரு ஜவுளிக்கடை எரிந்தது. அணைக்கப் போன இரண்டு வீரர்கள் மேல் கட்டடம் இடிந்து விழுந்தது. இருவரும் பிழைக்கவில்லை.

காரைக்குடியிலும் பழைய கட்டடங்களுக்குப் பஞ்சமா? முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான்களை அடுக்கியிருக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டு வீட்டுக்கோ முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உள்ளே முகப்பு, வளவு, கட்டு கட்டாக அறைகள், மேலே தேக்கு. புகை சூழ்ந்துவிட்டால் வீட்டுக்காரருக்கே வழி புலப்படாது.

ஏப்ரல் 14-லிருந்து 20 வரை தீத்தொண்டு வாரம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று போய்ச் செய்முறை காட்டுவார்கள். அப்போது அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஓரிடத்துக்குப் போனதும் முதலில் என்ன விசாரிப்பீர்கள் என்று. உள்ளே யார் இருக்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது, சிலிண்டர் எத்தனை, பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கும், சாவி யாரிடம்? வீட்டுக் கல்யாணமானாலும் சரி, கடைக் கிடங்கானாலும் சரி, இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஓர் ஆள் வாசலில் நிற்க வேண்டும்.