ஷேக்கின் முகமும் வால்டர் ஒயிட்டின் பெயரும்

லண்டனில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ என்றொரு ஞாயிறு மஞ்சள் பத்திரிகை இருந்தது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் நாறி, 2011-இல் மூடப்பட்டது. அதன் நட்சத்திர நிருபர் மஸ்ஹர் மஹ்மூத். அரபுப் பணக்காரராக வேடமிட்டுப் பிரபலங்களைப் பேசவைத்து ரகசியமாகப் பதிவு செய்வார். ‘போலி ஷேக்’ என்பதே அவருக்குப் பட்டம். செய்தியோடு அவர் படம் வரவேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு நிழலுருவம்தான் இருக்கும்.

முகம் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பது அவர் வாதம். அதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர் எழுதிச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. 2010-இல் பாகிஸ்தான் கிரிக்கெட் சூதாட்டத்தை வெளிக்கொண்டு வந்தவரும் அவரே. ஆனாலும் 2006-இல் ஜார்ஜ் காலோவே எம்.பி. அவர் படத்தை வெளியிட முனைந்தபோது, தடை கேட்ட பத்திரிகை தோற்றது. 2014-இல் பிபிசி அவர் முகத்தைக் காட்டுவதையும் அவரால் தடுக்க முடியவில்லை.

அதே ஆண்டுதான் சாயம் வெளுத்தது. சினிமா தயாரிப்பாளர் வேடத்தில் பாடகி துலிசாவைப் போதைப்பொருள் வழக்கில் சிக்கவைத்திருந்தார். துலிசா போதைப்பொருளை வெறுத்துப் பேசியதாக மஹ்மூதின் ஓட்டுநர் முதலில் சொன்னது பிறகு வாக்குமூலத்திலிருந்து காணாமல் போயிருந்தது. வழக்கு சரிந்தது. 2016-இல் மஹ்மூதுக்கு 15 மாதச் சிறை.

இனி இன்னொரு மாறுவேடம். நமக்கு நெருக்கமானது.

வால்டர் ஒயிட் கறுப்பினத்தவர். ஆனால் வெளுத்த தோல், நீலக் கண்கள். வெள்ளையர் என்று நம்பியே கும்பல் கொலைகாரர்கள் தாங்கள் செய்ததை அவரிடம் பெருமையாகச் சொன்னார்கள். (சாதிப் பெருமை பேசும் வாய்களும் அப்படித்தானே, நம்மவன் என்று நினைத்தால் எல்லாம் கொட்டும்.) 1919-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் கறுப்பின விவசாயிகள் கொன்று குவிக்கப்பட்டபோது, நிருபர் அட்டையோடு போனார். அடையாளம் தெரிந்துவிட்டது என்று எச்சரிக்கை வர, ரயிலேறித் தப்பினார். அங்கே மரண தண்டனை பெற்ற 12 கறுப்பினத்தவருக்காக அவரது அமைப்பு வழக்காடியது. ஒருவருக்கும் அது நிறைவேறவில்லை.

ஒயிட் தன் பெயரிலேயே எழுதினார். உள்ளே நுழையும்வரைதான் அவருக்கு மறைப்பு தேவைப்பட்டது. வெளியே வந்தபின் எவரும் அவரைக் கேள்வி கேட்கலாம். மஹ்மூத் கேட்டதோ ஆயுள் முழுக்க நிழல். சக்திவாய்ந்த ஒரு பத்திரிகை அதைக் கட்டிக் காத்தது. பொய் சாட்சியம் அந்த நிழலில்தான் வளர்ந்தது. அவர் முகத்தைக் காட்டியது நியாயமே என்கிறோம்.

தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையைக் கைபேசியில் ஒளித்து எடுக்கும் இளைஞர் நாளையும் அந்த ஊரில்தான் வாழ வேண்டும். அவர் பெயரை நாம் சொல்ல மாட்டோம். உண்மை அறியும் குழுவின் அறிக்கைக்குக் கீழே நம் பெயர்கள் இருக்கும். காணொளி எப்போது எடுத்தது, எங்கே வெட்டியது என்று எவர் கேட்டாலும், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.