இர்வின் வரைந்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார்

மைசூரில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கடமை உண்டு. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வந்தவர்கள் "இதை யார் கட்டினது?" என்று கேட்பார்கள். மகாராஜா என்போம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஹென்றி இர்வின் என்ற வெள்ளைக்காரர் பெயரைச் சொல்வார்கள். இரண்டிலும் தப்பில்லை. 1897 பிப்ரவரியில், இளவரசி ஜெயலக்ஷ்மம்மணியின் கல்யாணத்தின்போது, பழைய மர அரண்மனை எரிந்துபோனது. அப்போது ஆட்சிப் பொறுப்பிலிருந்த மகாராணி வாணி விலாஸ சன்னிதானம் இர்வினிடம் புதிய அரண்மனைக்கு வரைபடம் கேட்டார். வேலை 1912இல் முடிந்தது. செலவு 41,47,913 ரூபாய். கடைசி மூன்று ரூபாய் வரை கணக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், வியாபாரியான எனக்கு அதில் ஒரு திருப்தி.

ஆனால் பணம் கொடுத்தவர் ஒருவர், படம் போட்டவர் ஒருவர், கட்டினவர் ஒருவர். செங்கல்லுக்கு முன்பணம் கொடுத்து, ஆள் சேர்த்து, வாரக்கூலி பட்டுவாடா செய்து, பில் பாஸாகும்வரை வட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த மூன்றாமவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இர்வின் இங்கே வருவதற்கு முன் சென்னை அரசாங்கத்தின் கட்டடக்கலை ஆலோசகராக இருந்தவர். அங்கே அவருடைய வரைபடங்கள் பலவற்றைச் சுவராக்கிக் காட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் (1856–1925).

"செட்டியார் தமிழரா?" என்று சங்கத்தில் ஒரு நண்பர் கேட்டார். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கச்சேரிகளில் இங்கிலீஷ். சென்னைப் பட்டணமே அப்படித்தான் வளர்ந்தது. வீட்டில் தமிழும் கடையில் கன்னடமுமாக வாழும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

அவர் கட்டியவற்றில் முக்கியமானது சென்னை உயர்நீதிமன்றம். பிராசிங்டன் தொடங்கிய வரைபடத்தை இர்வின் எடுத்து முடிக்க, 1892இல் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் உயரமான கோபுரத்தில் 1894இல் ஏற்றிய விளக்கு 1977 வரை கப்பல்களுக்கு வழி காட்டியது. பக்கத்திலேயே சட்டக் கல்லூரி. கடற்கரைச் சாலையில் மதராஸ் வங்கி, 1897. இன்றைக்கு அது ஸ்டேட் வங்கி. எழும்பூரில் விக்டோரியா நினைவு மண்டபம், 1909. பிற்காலத்தில் தேசியக் கலைக்கூடம் ஆனது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் செட்டியார் வேலைதான், ஆனால் அதன் வரைபடம் சிஷோம் போட்டது.

உயர்நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் சிவப்புச் செங்கல் நினைவிருக்கும். வெளியே பூச்சு கிடையாது. பூச்சுச் சுவரில் கொத்தனார் செய்த கோணலைச் சுண்ணாம்பு மறைத்துவிடும். பூசாத சுவரில் ஒவ்வொரு கல்லும் சாட்சி சொல்லும். கல் ஒரே அளவாக வேண்டும், ஒரே நிறமாக வேகவேண்டும், வரிக்கு வரி நூல் பிடித்தாற்போல் இருக்கவேண்டும். படம் போடுபவருக்கு இது ஒரு கோடு. கான்ட்ராக்டருக்கு, சூளையிலிருந்து வந்த வண்டியில் எத்தனை கல்லைக் கழிப்பது என்ற தினசரித் தகராறு.

இன்னொன்று சிமெண்டு. நம் நாட்டில் சிமெண்டு தயாரிக்கும் முயற்சியே 1904இல்தான், அதுவும் சென்னையில்தான் தொடங்கியது. அதற்கு முந்திய கட்டடமெல்லாம் சுண்ணாம்புக் காரை. காரை இறுகுவதற்கு நாள் ஆகும், அவசரப்பட்டால் சுவர் தாங்காது. சுவர் மெல்ல எழுந்தால் போட்ட முதலும் மெல்லத்தானே திரும்பும்? நான் இரும்புச் சாமான் வியாபாரி, கான்ட்ராக்டர்களுக்குக் கடன் கொடுத்துப் பழகினவன். ஒரு பில் ஆறு மாதம் தூங்கினால் அது என் பேரேட்டிலும் தெரியும். அதனால்தான், பல வருஷம் இழுக்கும் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து முடித்த செட்டியாரின் கைத்திறனைவிட அவருடைய கைமுதலும் நாணயமும் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

சம்பாத்தியமும் அதற்கேற்றபடி இருந்தது. சேத்துப்பட்டில் நிலமும் பங்களாக்களுமாக வாங்கினார். சென்னையில் முதலில் கார் வைத்திருந்த இந்தியர் அவர்தான், வண்டி நம்பர் எம்.சி. 3 என்றும் சொல்வார்கள். இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பிய கணிதமேதை ராமானுஜன் கடைசி மாதங்களில் தங்கியதும் ஹாரிங்டன் ரோட்டில் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில்தான். 1920 ஏப்ரல் 26இல் அங்கேயே காலமானார். இன்றைக்குச் செட்டியார் பெயரைப் பலர் கேள்விப்படுவது ராமானுஜன் வரலாற்றைப் படிக்கும்போதுதான். உயர்நீதிமன்றத்தைக் கட்டியவருக்கு இப்படி ஓர் அடையாளம்!

இது ஒருவழிப் போக்குவரத்தல்ல என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டும். எழும்பூர் ரயில் நிலையமும் இர்வின் வரைபடந்தான். ஆனால் அதைக் கட்டியவர் பெங்களூர் கான்ட்ராக்டர் டி. சாமிநாத பிள்ளை. 1905 செப்டம்பரில் தொடங்கி 1908 ஜூனில் திறந்தார்கள், மதிப்பு 17 லட்சம் ரூபாய். ஊருக்குப் போகும்போது எழும்பூரில் இறங்கினால் பெங்களூர்க்காரர் கட்டிய கூரையின் கீழ் இறங்குகிறீர்கள்.

அவருக்கும் ஒரு தலைமுறை முந்தியவர் ஆற்காடு நாராயணசுவாமி முதலியார் (1827–1910). ஆற்காட்டிலிருந்து பெங்களூர் தண்டுக்குப் பிழைக்க வந்தவர். அப்போது திப்பு அரண்மனையில் இடநெருக்கடியில் இருந்த மைசூர் அரசாங்க அலுவலகங்களுக்காக ஒரு கட்டடம் திட்டமிட்டார்கள். வேலை முதலியாருக்குக் கிடைத்தது. 1868இல் முடித்துக் கொடுத்தார். பதினெட்டு இலாகாக்கள் அங்கே குடியேறியதால் அட்டாரா கச்சேரி என்று பெயர். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம். ஆக சென்னைக்கும் பெங்களூருக்கும் நீதி சொல்ல இடம் அமைத்தவர்கள் இரண்டு கான்ட்ராக்டர்கள்.

முதலியார் தம் வருமானத்தை வேறு வழியிலும் திருப்பினார். 1873இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தை அடுத்துப் பெங்களூர் தண்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு என்பதன் எடை தெரியும். தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் பெண்களுக்கும் தனியாகப் பள்ளிகள் வைத்தார். எல்லாவற்றையும் குடும்பச் சொத்தோடு கலக்காமல் அறக்கட்டளையாக எழுதிவைத்தார். மைசூர் மகாராஜா அவருக்குத் தர்மரத்னாகர என்ற பட்டம் கொடுத்தார்.

எந்தக் கான்ட்ராக்ட் கம்பெனியும் அடுத்த டெண்டர் கிடைக்கும்வரைதான். கடைசி பில் வாங்கிய மறுநாள் கட்டடம் அரசாங்கத்துடையது, வாசற்கல்லில் கவர்னர் பெயர் இருக்கும். முதலியார் பெயரை மட்டும் அல்சூர் ஏரிக்கரையில் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற ஐந்து எழுத்தாகப் பிள்ளைகள் இன்றும் தங்கள் சீருடையில் அணிந்துகொண்டு போகிறார்கள். ராய் பகதூர் ஆற்காடு நாராயணசுவாமி முதலியார் என்பதன் சுருக்கம் அது. பெங்களூர் போகும்போது அந்தப் பக்கமும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.