கண்டியிற் கண்ட கல்லறைகள்



வரலாற்றைப் புத்தகத்திற் படித்தது போதும், இனிக் கண்ணாலும் காணட்டும் என்றெண்ணி, சென்ற ஆண்டு எம் பாடசாலை மாணவர் இருபதின்மரை அட்டனிலிருந்து புகைவண்டியிற் கண்டிக்கு அழைத்துச் சென்றேன்.

முதலிற் பார்த்தது பிட்டகந்தையிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரிற் கண்டி களமாகவில்லை. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் தாக்கியவை கொழும்பும் திருகோணமலையுமே. எனினும் 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைந்தபின், பல நாட்டுப் படையினர் இங்கு வந்து கூடினர். அவர்களுள் மாண்டோர் 203 பேர் இத்தோட்டத்தில் துயில்கின்றனர். பிரித்தானியர் 107, இலங்கையர் 26. கிழக்காபிரிக்கரும் இந்தியரும் உளர். பிரெஞ்சுக்காரர் ஒருவரும் உளர். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வகைக் கல். பெயரைப் பொறித்ததோடு நில்லாமல், புல்லை வெட்டி இன்றளவும் பேணி வருகின்றனர்.

தலதா மாளிகைக்கு அணித்தே வேறொரு பழைய இடுகாடு உண்டு. 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையோடு நெருங்கிய தொடர்புடைய சேர் ஜோன் டொயிலி, 1824இல் இறந்து அங்கே அடங்கியுள்ளார். ஆனால் என் மாணவர் மொய்த்து நின்றதோ, 1856இற் காட்டானையாற் கொல்லப்பட்ட வெள்ளையர் ஒருவரின் கல்லருகே! பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை.

மாலையில் மகியாவை இடுகாட்டுக்குச் சென்றோம். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை அங்குள்ளது. தோட்டத்து மக்கள் அவரைச் 'சாமித்துரை' என்றழைத்தனர். 1892இல் அவர் மறைந்தபொழுது, அத்தொழிலாளரே உடலை மலையிலிருந்து தோள் மாற்றித் தோள் மாற்றிக் கண்டிவரை சுமந்து வந்தனர். இதனை நான் சொல்லி முடிக்குமுன் ஒரு சிறுவன் கேட்டான்: "ஐயா, சுமந்தவர்களுடைய பெயர் எங்கே எழுதியிருக்கிறது?"

கல்லில் இல்லை என்றேன். தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்தோருள், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களைப் புதைத்த இடங்களில் நடுகல்லும் இல்லை. 26 இலங்கைப் படைவீரரின் பெயரைக் காலையில் வாசித்த பிள்ளைகளிடம் இதனைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, ஆயினும் சொன்னேன்.

திரும்பும் வண்டியில் அச்சிறுவன் தன் பூட்டனார் பெயரைப் பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிக்கொண்டு வந்தான். மறுவாரமே எம் பாடசாலையில் ஒரு பேரேட்டை வைத்தோம். லயத்து முதியோரிடம் கேட்டு, முன்னோர் பெயர், வந்த ஊர், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை மாணவர் அதிற் பதிந்து வருகின்றனர். பெயர் மறந்து, 'இன்னாருடைய தாய்' என்று மட்டும் எழுதிய வரிகளும் அதில் உள்ளன. முதற் பேரேடு நிரம்பிவிட்டது, இரண்டாவதைத் தொடங்கியிருக்கிறோம்.