பெரியவர் கையில் சிறுவர் புத்தகம்

இளையோருக்கென எழுதப்படும் கதைகளை வளர்ந்தவர்கள் விரும்பிப் படிப்பது ஏன் என்னும் கேள்வி, மேனாட்டார் அண்மையில் எழுப்பிய ஒன்றாகத் தோன்றும். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூலுக்குப் பெரியவர்களுக்கென்றே வேறு அட்டையிட்ட பதிப்பொன்றை லண்டன் பதிப்பகத்தார் 1998-இல் வெளியிட்டனர். ரயிலில் கூச்சமின்றிப் படிக்க வேண்டுமல்லவா! அமெரிக்காவில் 2012-இல் எடுக்கப்பட்ட கணிப்பொன்றில், 12 முதல் 17 வயதினருக்கென விற்கப்படும் நூல்களை வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் 18 வயதைத் தாண்டியவர்கள் எனத் தெரியவந்தது. கல்மண்டபத்துச் சந்தொன்றில் வளர்ந்த எனக்கு இது புதுச் செய்தியன்று. என் வாப்பாவுக்கு நாளிதழின் மடிப்பே அந்த வேறு அட்டையாக இருந்தது.

சிறுவர் கதை, பெரியவர் கதை என்னும் வேலி வரலாற்றில் மிகப் பிற்பட்டது. இன்று குழந்தைகளின் அலமாரியில் இருக்கும் ஆயிரத்தொரு இரவுக் கதைகள், கதைப்படி ஓர் அரசனுக்குச் சொல்லப்பட்டவை. அவற்றுள் யாவரும் அறிந்த அலாவுதீனும் அலிபாபாவும் பழைய அரபிக் கையெழுத்துப் பிரதியில் இல்லை. 1709-இல் பாரிஸ் நகரில், அலெப்போவிலிருந்து வந்திருந்த ஹன்னா தியாப் என்னும் இருபது வயதை ஒட்டிய இளைஞர் வாய்மொழியாகச் சொல்ல, அறுபதைக் கடந்த பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கல்லான் குறித்துக்கொண்டவை அவை. சொன்னவர் இளைஞர், செவி சாய்த்தவர் முதியவர்.

நம் வீடுகளிலும் அந்த வேலி இருந்ததில்லை. யூசுபு நபி கிஸ்ஸாவை ஒருவர் ராகமிட்டுப் படிக்க, பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து கேட்டனர். கிணற்றில் தள்ளப்பட்ட சிறுவன் என்ன ஆவான் என்ற கவலை எல்லா வயதினருக்கும் ஒன்றுதான். அச்சு நூல் பெருகிய காலத்திலும் அந்தக் கவலையே நாவல் வடிவம் கொண்டது. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் மு. கா. சித்திலெவ்வை (1838–1898) 1885-இல் வெளியிட்ட 'அஸன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்று. இலங்கைத் தமிழில் முதலாவது. கெய்ரோவில் உயர்குடியில் பிறந்து, சிசுப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா சென்று, பின்னர் பிறந்த மண்ணை அடையும் ஓர் இளைஞனின் கதை அது. இன்று ஒரு பதிப்பகத்தார் கையில் கிடைத்தால் தயங்காமல் இளையோர் வரிசையில் சேர்த்துவிடுவர்.

ஆனால் அதை எழுதியவர் விளையாட்டுக்கு எழுதியவரல்லர். 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, நம்மவர் பிள்ளைகளுக்கு நவீனக் கல்வி வேண்டுமென்று வாதாடியவர். எகிப்தின் ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டு 1883 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த காலம் அது. பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது, எந்த உலகத்துக்கு ஆளாக்குவது என்று குழம்பி நின்ற தகப்பன்மாரின் கையில்தான் அந்த இளைஞனின் கதை போய்ச் சேர்ந்தது. இளைஞனின் எதிர்காலம் எப்போதுமே பெரியவர்களின் வழக்கு.

இழந்த இளமையை மீட்கவே பெரியவர்கள் இத்தகைய கதைகளை நாடுகின்றனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. வசதியான வீடுகளுக்கு அது பொருந்தலாம். துறைமுகத்தை நம்பிய வடசென்னைக் குடும்பங்களுக்கு நான் அதை ஏற்பதில்லை. இழப்பதற்கு முதலில் அது கையில் இருந்திருக்க வேண்டுமே! பாட்டனார் மவுத்தான ஆண்டில், பதின்மூன்று வயதில், என் வாப்பா துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார். சிறுவனாக இருந்த மறுநாளே குடும்பத் தலைவரானவர் அவர். எந்த வழியில் போகலாமென்று ஒருவன் நின்று யோசிக்கும் அந்த நாலைந்து வருடங்கள் அவருக்கு அளிக்கப்படவே இல்லை. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் (1985-இல் தீக்கிரையாகும் வரை அவைதாம் எங்கள் நூலகம்) எனக்கென்று சொல்லி அவர் வாங்கியவற்றில் பாதியை நான் படிக்க அவர் விட்டதில்லை. இஷாவுக்குப் பின் நடையில் எரியும் மங்கிய விளக்கடியில், உதடு அசைய, எழுத்தெழுத்தாகப் படிப்பார். "அவனுக்கு இன்னும் ஒண்ணும் முடிவாகலே, பார்த்தியா?" என்று உம்மாவிடம் சொல்வார். அவரது ரசனை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் தோன்றிய பாத்திரம் அது. ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் ஒருவன். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். அன்று அதைப் படித்த சிறுவர்கள் இன்று அறுபதைத் தொட்டும் தாண்டியும், முத்து வெளியீடுகளையும் 1984-இல் தோன்றிய லயன் வெளியீடுகளையும் தேடி வாங்குகின்றனர். இவர்களைப் பற்றிப் பேச்சு நிறைய உண்டு. அன்றே நாற்பதைக் கடந்திருந்த வாசகர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எங்கள் அண்டை வீட்டார் ஒரு லேத் பட்டறையில் வலக்கை விரல்கள் மூன்றைப் பறிகொடுத்தவர். விருந்துகளில் கையைத் துண்டால் மூடிக்கொண்டே அமர்வார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் எங்கள் நடையில் கிடந்த மாயாவிப் புத்தகத்தின் அட்டைப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வாப்பாவிடம், "இவன் கையி எப்படிப் போச்சு பாய்? படிச்சுச் சொல்லுங்க" என்றார். வாப்பா முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நான் பள்ளிப் பாடத்தை மூடிவைத்துவிட்டு அருகே போய் உட்கார்ந்தேன், வாப்பா கண்டிக்கவில்லை. முடிந்ததும் அண்டை வீட்டார் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். அது திரும்பி வரவில்லை. கேட்கக்கூடாது என்று வாப்பா எனக்குச் சொல்லிவிட்டார்.