தகர வில்லையும் ஒற்றைச் சீட்டும்

20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளியிடம் ஒரு தகர வில்லை இருந்தது. நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. ஆள் பெயர் அதில் கிடையாது, போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் அடையாள எண் மட்டும் அடித்திருக்கும். அதைக் காட்டினால் ரயிலில் காசு கேட்க மாட்டார்கள், கப்பலிலும் கேட்க மாட்டார்கள். 1904இல் திருச்சிராப்பள்ளியில் அலுவலகம் திறந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் இந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டது. வழியில் ஒரு காசும் அவிழ்க்காமல் கடல் கடந்த பயணி என்று எவரையாவது சொல்வதானால் இவரைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தோட்டத்தில் கால் வைத்ததும் ரயிலும் கப்பலும் சோறும் அவர் பேரில் கடனாக ஏறின. இன்று விமானப் பயணத்தில் பொதிக்கும் இருக்கைக்கும் தனித்தனியே பணம் கறக்கிறார்கள் என்று நொந்துகொள்கிறோம். எப்படித் தப்பலாம் என்று ஆளுக்கொரு வழி சொல்கிறோம். இலங்கையின் மன்னார்க் கரையில் வந்திறங்கியவர்களின் பழைய கணக்குகளைப் புரட்டினால், கட்டணம் கூடுதலா குறைவா என்பதைவிட, புறப்படும் முன் அது பயணிக்குத் தெரிந்ததா, கணக்கு எவர் ஏட்டில் இருந்தது என்பதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது அல்லது கவிழ்த்திருக்கிறது.

தகர வில்லைக்கு முந்தைய தலைமுறைகள் நடந்தே போயின. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் பாம்பன், ராமேஸ்வரம் பக்கமிருந்து தோணி ஏறி, தலைமன்னாரிலோ மன்னார்க் கரையில் வேறோர் இடத்திலோ இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப் பாதையில் நடப்பார்கள். தண்ணீர் கிடைக்காத வழி, பேதி கண்டால் ஆளை அங்கேயே விட்டுவிட்டுப் போகிற வழி. தோணிக் கூலி, அரிசி, கம்பளி எல்லாம் தோட்டத் துரை கொடுத்த முன்பணத்திலிருந்து, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி செலவழிப்பார். அதில் உண்மையில் எவ்வளவு செலவானது என்பது கங்காணிக்கு மட்டுமே வெளிச்சம். படிக்கத் தெரியாத ஆளுக்குத் தன் கடன் எத்தனை ரூபாய் என்று சொல்ல வேறு யாரும் இல்லை. பின்னால் வந்த துண்டு முறை இதை இன்னும் இறுக்கியது. இத்தனை ரூபாய் கடனைத் தீர்த்தால் இந்தக் கூட்டத்தை விடுவிப்பேன் என்று துரை எழுதித்தரும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அதை எடுத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்தில் பேரம் பேசுவார். புதிய துரை பழைய கடனைத் தீர்த்து, மேலும் கொஞ்சம் முன்பணமும் தருவார். கடன் ஆட்களோடு சேர்ந்து இடம் மாறும், மாறும்போதே வளரும். தோணிக் கூலி என்று தொடங்கியது இப்படிப் பல ஆண்டு உழைப்பை விழுங்கியது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மழை பொய்த்த ஊரில் கையில் காலணா இல்லாதவர் முன்பணம் இல்லாமல் கடல் கடந்திருக்கவே முடியாது, கங்காணியின் கடன்தான் அவருக்குக் கப்பல் என்பார்கள். முன்பணம் தேவைப்பட்டது என்பது சரி. அதைத் தொழிலாளியின் தலையில் கடனாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்பது சரியல்ல. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் நெருக்குதலில், 1923இல் இலங்கையில் தோட்டக்காரர்கள் பணம் செலுத்தும் பொது நிதி ஒன்று ஏற்பட்டு, ஆள்சேர்ப்புச் செலவும் பயணச் செலவும் அதிலிருந்து கொடுக்கப்பட்டன. தோட்டங்கள் அதனால் மூடப்படவில்லை; ஆட்கள் வருவதும் நிற்கவில்லை. அதே ரயில், அதே கப்பல், ஏடு மட்டும் கைமாறியது.

இதே கடலில் வேறொரு வகைப் பயணியும் போய்வந்துகொண்டிருந்தார். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்புக் கோட்டை வரை செல்லுபடியானது. தனுஷ்கோடியில் ரயிலை விட்டுக் கப்பல், சுமார் 35 கிலோமீட்டர் கடல், தலைமன்னார்ப் பியரில் மறுபடி ரயில். இந்த ரயிலுக்கு வழங்கிய போட் மெயில் என்ற பேர் இன்னும் வாய்களில் இருப்பதற்கு இந்த ஒற்றைச் சீட்டு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நடுவழியில் தோணிக்காரனோடு பேரம் இல்லை, துறையில் புதிய விலை இல்லை. ஆனாலும் அதைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிட முடியாது. மண்டபம் முகாமில் தோட்டத்துச் சனங்களை நோய்த்தடுப்புக் காவலில் நாட்கணக்கில் நிறுத்தி, அம்மை குத்தி, துணிமணிகளை அவித்துத்தான் கப்பலேற்றினார்கள். உயர்வகுப்புச் சீட்டுக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. ஏழையிடம் காசுக்குப் பதில் நாட்களை வாங்கினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு சுங்கமும் கடவுச்சீட்டும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் வந்தன. கூடவே கள்ளத்தோணி என்ற சொல்லும் வசவாக மாறியது. தீர்வை தப்புவது பொதுப் பணத்தைத் திருடுவதுதானே என்று கேட்டால், கடத்தல்காரரைப் பொறுத்தவரை ஆம் என்பேன். ஆனால் தலைமன்னார்த் துறையில் நின்றவர்களில் பெரும்பாலோர் கடத்தல்காரர்கள் அல்லர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியக் குடிமக்கள் என்று வகுத்தது. புறப்படும் குடும்பம் கொண்டுபோகும் சொத்துக்கு இலங்கை உச்சவரம்பு வைக்கலாம், ஆனால் அது 4,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்றார்கள். தலைமுறைகளாகச் சேர்த்ததை அந்த அளவுக்குள் அடக்கச் சொன்னது என்ன கட்டணம் என்று எந்தச் சீட்டிலும் அச்சடிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததால் கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போனது. இறங்கியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் மறுபடியும் மண்டபம் முகாம்.

வரியே வேண்டாம் என்று இதையெல்லாம் வைத்து வாதாட வரவில்லை. மன்னாருக்கு வடக்கே நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டுப் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் அரச பண்டாரத்துக்கு நாலில் ஒன்று, மற்றது உடையவனுக்கு; வணிகச் சரக்கு வந்த கலம் உடைந்தால் சரிபாதி என்கிறது அது. பாதியைப் பறிப்பது கருணையல்லதான். ஆனால் மன்னன் சிங்கள நாட்டரசன், எழுத்தோ வந்திறங்கும் வணிகன் படிக்கிற மொழியில். கலம் கிளம்பும் முன்பே இழப்பைக் கணக்குப் போட்டுக்கொள்ள முடியும். விமான நிலையத்துத் தராசின் முன் ஆறு கிலோ கூடிவிட்டதென்று பெட்டியைத் திறந்து, பலகாரப் பொதியை எடுத்துக் கைப்பையில் திணிக்கிறவருக்கு அந்த வசதி பாதிதான். புறப்பாட்டு வரி சீட்டு விலைக்குள் கரைந்திருக்கிறது, மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் முளைக்கின்றன.

1980களில் இலங்கைப் போர் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பலை நிறுத்தியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியபோது, விமானத்தைவிடக் கூடுதல் பொதி கொண்டுபோகலாமா என்பதே பலரின் முதல் கேள்வியாக இருந்திருந்தால் வியப்பில்லை. தலைமன்னாருக்கு 2015 மார்ச்சில் ரயில் திரும்ப வந்துவிட்டது. கோட்டையில் மறுபடி தலைமன்னாருக்குச் சீட்டு வாங்க முடிந்தது. அதற்கு அப்பால் எழும்பூர் வரை கொடுக்க ஆளில்லை.